லினக்ஸ் மடிக்கணினியில் இசைப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

மைக்கையும் இசைக்கருவிகளையும் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். தாமதம் குறைவான இன்டர்ஃபேஸ் எது, வாங்கிய பிறகும் தாமதம் ஏன் குறையவில்லை என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உபுண்டு 24.04 போட்ட லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியை வைத்துப் பாடிப் பதிவு செய்கிறேன். ஹெட்போனில் என் குரல் எனக்கே எதிரொலி போலப் பிந்தி வருகிறது. அடுத்து கீபோர்டையும் இணைக்க ஆசை. ஒரு மைக், ஒரு கீபோர்டு போதும். எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் அந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை, குடம் குடமாக வாங்குகிறது. அந்தக் குடம்தான் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடுகள்) வீதம் பதிவாகும்போது 1024 சாம்பிள் பஃபர் நிரம்ப 21.3 மில்லிநொடி ஆகும். 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7, 64 என்றால் 1.3. உள்ளே வரும்போது ஒரு குடம், வெளியே போகும்போது இரண்டு மூன்று குடம், கூடவே ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகள் எடுத்துக்கொள்ளும் நேரம். இவற்றின் கூட்டுத்தொகைதான் உங்கள் காதுக்கு வரும் தாமதம்.

ஆடாசிட்டியோ நிறுவிய நிலையில் 100 மில்லிநொடி பஃபர் வைத்திருக்கும். அதன் வழியாக உங்கள் குரலைக் கேட்டால் எந்தப் பெட்டி வாங்கினாலும் எதிரொலிதான். முதலில் அதன் அமைப்புகளில் மென்பொருள் வழி மறுகேட்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் வசதியைப் பயன்படுத்துங்கள். மைக் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் பெட்டிக்குள்ளிருந்தே ஹெட்போனுக்குப் போய்விடும், தாமதம் காதுக்கே தெரியாது. பாட்டுப் பதிவுக்கு மட்டும் என்றால் உங்கள் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது.

இனி பெட்டி வாங்கும்போது லினக்ஸ்காரர் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, அது கிளாஸ் கம்ப்ளையன்ட் ஆக இருக்க வேண்டும். யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கென்று வகுத்த பொது விதிப்படி நடந்துகொள்ளும் பெட்டி என்று பொருள். அப்படி இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ஏற்கனவே இருக்கும் டிரைவரே அதை இயக்கும், எதையும் நிறுவ வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் லினக்ஸ் என்ற சொல் இராது. 'ஐபேடில் டிரைவர் இல்லாமல் இயங்கும்' என்று இருந்தால் அது நல்ல அறிகுறி. இரண்டாவது, கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு), கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர், டைரக்ட் மானிட்டர் ஆகியவை பெட்டியிலேயே குமிழாகவோ பொத்தானாகவோ இருக்க வேண்டும். இவற்றை விண்டோஸ், மேக் மென்பொருளில் மட்டும் மாற்ற முடிகிற பெட்டியை வாங்கினால், ஒலி வரும், கட்டுப்பாடு கைக்கு வராது. மூன்றாவது, அது யு.எஸ்.பி. ஆடியோ கிளாஸ் 2 வகையாக இருப்பது நல்லது. பழைய கிளாஸ் 1 பெட்டிகள் 12 மெகாபிட் வேகத்தில் ஓடுபவை, மில்லிநொடிக்கு ஒரு முறைதான் பொட்டலம் அனுப்பும். கிளாஸ் 2 பெட்டி 480 மெகாபிட் வேகத்தில், அந்த மில்லிநொடியை எட்டாகப் பிரித்து அனுப்பும். சின்ன பஃபருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

மூன்றுக்கும் பொருந்தும் சிக்கனமான பெட்டிகளில் ஒன்று பெரிங்கர் யு.எம்.சி. 204 எச்.டி. இரண்டு மைக் உள்ளீடு, மிடி துளைகள் (எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற செய்தியைக் கீபோர்டிலிருந்து கொண்டுவருபவை), நேரடி ஒலியையும் கணினி ஒலியையும் கலக்கும் குமிழ் எல்லாம் உண்டு. அதே வரிசையில் இன்னும் மலிவான யு.எம்.சி. 22-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர்தான் ஒன்று போல இருக்கும். அது பழைய வகை, 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. கையிருப்பு கூடுதலாக இருந்தால் மோட்டு எம்2 எங்கள் முதல் தேர்வு. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி 48 வோல்ட், தனித்தனி மானிட்டர் பொத்தான், ஒலி அளவு காட்டும் சின்னத் திரை, மிடி துளைகள் எல்லாமே முகப்பிலும் பின்புறத்திலும் இருப்பதால் மென்பொருளை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-ஐ எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல பெட்டிதான், ஆனால் எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாம் தலைமுறையில் கெயின் சாதாரணக் குமிழ், எந்தக் கர்னலிலும் சிக்கல் இல்லை. நான்காம் தலைமுறையில் கெயினே மின்னணு முறைக்கு மாறிவிட்டது. அதன் கட்டுப்பாடுகளைத் திரையிலிருந்து மாற்றும் வசதி கர்னல் 6.8-இல்தான் வந்தது. உங்கள் உபுண்டு 24.04-இல் அதே 6.8 அல்லது அதைவிடப் புதியது இருக்கும், கவலையில்லை. டெபியன் 12 வைத்திருப்பவர்களுக்கு 6.1தான், அவர்கள் யோசிக்க வேண்டும். ஜெஃப்ரி பென்னட் எழுதிய அல்சா-ஸ்கார்லெட்-குய் என்ற செயலியையும் நிறுவிக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி முதல்முறை செருகும்போது பென்டிரைவ் போலத் தோன்றும் நிலையில் வரும், அந்த நிலையை இந்தச் செயலியிலேயே அணைக்கலாம்.

கீபோர்டு பற்றி ஒரு வார்த்தை. அதன் சொந்த ஒலியையே பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் அதன் லைன் அவுட்டை (ஒலி வெளியேறும் துளையை) இன்டர்ஃபேஸில் செருகி டைரக்ட் மானிட்டரில் கேட்டுக்கொள்ளலாம். மிடி வழியாக லேப்டாப்பில் உள்ள மென்பொருள் பியானோவை வாசிக்கப் போகிறீர்கள் என்றால்தான் பஃபர் அளவு விரலில் தெரியும். அதிலும் ஒலி வெளியே மட்டும்தான் போகிறது, உள்ளே வரும் பாதி இல்லை. 128 வைத்தால் பெரும்பாலோருக்கு உறுத்தாது. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிநொடி என்பது ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். பாடுபவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. தன் குரலைத் தலையெலும்பு வழியாகவும் உடனுக்குடன் கேட்டுக்கொண்டிருப்பதால் ஐந்து மில்லிநொடி பிந்தினாலே குரலின் நிறம் மாறிக் கேட்கும்.

கேள்வி: டைப்-சி, தண்டர்போல்ட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கினால்தான் வேகம் என்கிறார் கடைக்காரர். பழைய ஃபயர்வயர் பெட்டி ஒன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எதை நம்புவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: டைப்-சி என்பது செருகியின் வடிவம், வேகம் அல்ல. டைப்-சி துளை உள்ள இரண்டு உள்ளீட்டுப் பெட்டிகள் பலவும் உள்ளுக்குள் யு.எஸ்.பி. 2.0தான். அது போதாதா என்றால், தாராளமாகப் போதும். 48,000 சாம்பிள், 24 பிட், இரண்டு சேனல் என்றால் நொடிக்கு 2.3 மெகாபிட்தான். 480 மெகாபிட் சாலையில் அது ஒரு சைக்கிள்.

தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் வேண்டும், அது லினக்ஸுக்கு வருவதில்லை. வாங்காதீர்கள். ஃபயர்வயரும் வேண்டாம். லினக்ஸில் அதற்கு டிரைவர்கள் உண்டு என்பது உண்மைதான், ஆனால் இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. அடாப்டருக்கு மேல் அடாப்டர் மாட்டிச் செலவழிக்கும் காசில் நல்ல யு.எஸ்.பி. பெட்டியே வந்துவிடும்.

கேள்வி: இன்டர்ஃபேஸ் வாங்கிவிட்டேன். பஃபர் 64 வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம். சி.பி.யு. 10 சதவீதம்கூட ஓடவில்லை. பெட்டியில் கோளாறா? (வாசகர், திருச்சி)

பதில்: பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லிநொடிக்கு ஒரு முறை லேப்டாப் குடத்தை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும், நொடிக்கு 750 தடவை. அதில் ஒரே ஒரு தடவை பிந்தினாலும் ஒரு வெடிப்பு. இதை எக்ஸ்ரன் என்பார்கள். சி.பி.யு. சதவீதம் சராசரிக் கணக்கு. 749 தடவை சும்மா இருந்துவிட்டு ஒரு தடவை பிந்தியதை அது காட்டாது. ஆகவே அந்த ஒரு தடவை கணினியைப் பிடித்துவைத்தது எது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தொடக்கம் கேபிளில். ஹப் வழியாகச் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பிறகு முனையத்தில் (டெர்மினல்) எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை 'டி' தெரிவுடன் (lsusb -t) ஓட்டினால் எந்தக் கருவி எந்தத் துளைக் கிளையில் இருக்கிறது என்று மரமாகக் காட்டும். உங்கள் பெட்டிக்கு நேரே 480 என்று இருக்க வேண்டும். 12 என்று இருந்தால் பெட்டி பழைய வகை, அல்லது கேபிள் சரியில்லை. வெப்கேமும் புளூடூத்தும் அதே கிளையில் இருந்தால் எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது மின்சேமிப்பு. லேப்டாப்பில் இதுதான் பெரும்பாலும் குற்றவாளி. வேலை குறைவாக இருப்பதைப் பார்த்து சி.பி.யு. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தூங்கப் போகும், குடம் நிரப்ப எழுப்பும்போது எழுந்து வருவதற்குள் நேரம் போய்விடும். பதிவு நேரத்தில் பவர் மோடை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றுங்கள். டி.எல்.பி. போன்ற மின்சேமிப்புச் செயலி இருந்தால் அதில் யு.எஸ்.பி. கருவிகளைத் தூங்கவைக்கும் வசதியை அணையுங்கள். சில நிமிடம் வாசிக்காமல் இருந்தால் இன்டர்ஃபேஸ் காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்றால் காரணம் அந்த வசதியாகவே இருக்கலாம்.

மூன்றாவது, ஒலிச் செயலிக்கு முன்னுரிமை கேட்கும் உரிமை உங்கள் பயனர் கணக்குக்கு இருக்கிறதா என்பது. டெபியன், உபுண்டுவில் ஆடியோ என்ற குழுவிலும், ஃபெடோராவில் ஜாக்யூசர் குழுவிலும், ஆர்ச்சில் ரியல்டைம் குழுவிலும் உங்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் நடைமுறைக்கு வரும். இதைச் செய்யாமல் 'சேர்த்தும் பலனில்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். யுலிமிட் கட்டளையை 'ஆர்' தெரிவுடன் ஓட்டிப் பாருங்கள். 95 போன்ற பெரிய எண் வந்தால் சரி, 0 வந்தால் உரிமை கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் வெடித்தால் வைஃபையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். சில வைஃபை டிரைவர்கள் வலையமைப்பைத் தேடும் ஒவ்வொரு முறையும் கணினியைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். சீரான இடைவெளியில், சொல்லிவைத்தாற்போல வெடிப்பு வந்தால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

கர்னலைத் தொடுவது கடைசி. கணினி துவங்கும்போது கர்னலுக்குத் தரும் அளவுருக்களில் 'த்ரெட்ஐஆர்க்யூஸ்' (threadirqs) என்பதையும் 'ப்ரிஎம்ப்ட்' என்பதற்கு 'ஃபுல்' (preempt=full) என்பதையும் சேர்த்தால் போதும். ரியல்டைம் பேட்ச் (வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கவைக்கும் கர்னல் திருத்தம்) 6.12 முதல் மூலக் கர்னலிலேயே கலந்துவிட்டது என்றாலும், வீட்டுப் பதிவுக்கு அது தேவைப்படுவது அபூர்வம். முதல் மூன்றைச் செய்யாமல் ரியல்டைம் கர்னல் போட்டு ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் 64 நிற்கவில்லையா? 128 வையுங்கள். இழப்பு ஒரு குடத்துக்கு 1.3 மில்லிநொடி. பதிவு முடிந்து மிக்ஸிங்குக்கு உட்காரும்போது 1024-க்கே போய்விடலாம், அப்போது தாமதம் ஒரு பொருட்டல்ல, ஒலியைத் திருத்தும் செருகுநிரல்களுக்கு (ப்ளகின்) மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேள்வி: ஜாக் நிறுவ வேண்டுமா, பைப்வயரே போதுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டுமே செயலிகளுக்கும் ஒலிக்கருவிக்கும் இடையே ஒலியைக் கடத்தும் சேவைகள். புதிதாகத் தொடங்குபவருக்கு பைப்வயர் போதும். ஜாக்குக்காக எழுதிய செயலிகள் அதன் மேலேயே ஓடும். நிறுவிய நிலையில் அது 1024 சாம்பிளில் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பைப்வயரின் மெட்டாடேட்டா கட்டளையில் 'கிளாக்.ஃபோர்ஸ்-குவான்டம்' என்பதற்கு 128 கொடுத்தால் உடனே மாறும், 0 கொடுத்தால் பழையபடி ஆகும். பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் செயலியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் இன்டர்ஃபேஸுக்கு 'ப்ரோ ஆடியோ' என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ரன் வருகிறதா என்பதை பைப்வயருடன் வரும் 'டாப்' கருவியில் (pw-top) பிழை (ERR) என்ற பத்தி காட்டும். அந்த எண் ஏறாமல் நின்றால் நிம்மதி.

ஆர்டர் (Ardour) என்ற பலதடப் பதிவுச் செயலியில் மட்டுமே பதிவு செய்பவர் இரண்டையும் தாண்டி, அதன் தொடக்கத் திரையிலேயே அல்சாவை (கர்னலின் சொந்த ஒலி அமைப்பு) தேர்ந்தெடுத்து இன்டர்ஃபேஸை நேராகப் பிடிக்கலாம். 48,000, 128 சாம்பிள், மூன்று பீரியட் (குடங்களின் எண்ணிக்கை). யு.எஸ்.பி. பெட்டிக்கு இரண்டைவிட மூன்று பீரியட் நிதானமாக ஓடும். கருவி வேலையாக இருக்கிறது என்று மறுத்தால், வால்யூம் கன்ட்ரோலில் அந்தக் கருவியை 'ஆஃப்' செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் பதிய வேண்டும். என்னிடம் இரண்டு உள்ளீட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒரே லேப்டாப்பில் மாட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. 48,000 என்று இரண்டுமே சொன்னாலும் நுணுக்கத்தில் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டால்கூட நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும், ஒரு மணி நேரக் கச்சேரியில் 180 மில்லிநொடி. பல்லவிக்கு வரும்போது மிருதங்கம் பாட்டோடு சேராது. பைப்வயர் இடையில் சாம்பிள்களைத் திருத்தி ஒட்டவைக்கும், ஆனால் அதற்கான இடைப்பஃபர் தாமதத்தைக் கூட்டும்.

உங்களுக்கு வேண்டியது நான்கு மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ள ஒரே பெட்டி. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால்தான் இரண்டின் நிறமும் பிரிந்து கேட்கும். ஆகக் குரல், வயலின் சேர்த்து நான்கு. வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். மோட்டு எம்4-இல் நான்கு உள்ளீடு உண்டு, அவற்றில் மைக் செருகக்கூடியவை இரண்டுதான், மற்ற இரண்டும் லைன். பெரிங்கர் யு.எம்.சி. 404 எச்.டி.-யில் நான்குமே மைக். அதற்குத் தனி அடாப்டர் உண்டு, லேப்டாப்பின் மின்சாரத்தை நம்பி நிற்காது என்பது நான்கு கண்டென்சர் மைக்குக்கும் நல்லது.

பின்னாளில் வீணையை கான்டாக்ட் மைக்குடன் நேராகச் செருகினால் 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அழுத்துங்கள். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் கீழ் நாதம் கரைந்து மெல்லிய தகரச் சத்தமாக வரும். நாதஸ்வரமும் தவிலும் வந்தால் கெயினை முழுக்கக் குறைத்தும் சிவப்பு விளக்கு எரியலாம். உள்ளே வரும் ஒலியைத் தணிக்கும் 'பேட்' பொத்தான் உள்ள பெட்டியாக இருப்பது அங்கேதான் கைகொடுக்கும்.

கேள்வி: தாமதம் 8 மில்லிநொடி என்று மென்பொருள் காட்டுகிறது. அது உண்மையா? சார்ஜர் மாட்டினால் ஓர் உறுமலும் கேட்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: உறுமலை முதலில் முடித்துவிடுவோம். சார்ஜரைப் பிடுங்கியதும் நிற்கிறது என்றால் லேப்டாப் அடாப்டர்தான் மூலம். இரண்டு முள் அடாப்டரில் எர்த் இல்லாததால் கசிவு மின்னோட்டம் ஆடியோ கேபிள் வழியாகப் போகிறது. அதே தயாரிப்பாளரின் மூன்று முள் அடாப்டரை, எர்த் சரியாக உள்ள சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை இரைச்சலைத் தணிக்கும் டி.ஆர்.எஸ். பேலன்ஸ்டு வகைக்கு மாற்றுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், மைக்கைத் தொடும் உதட்டில் ஷாக் அடிக்கும் அபாயம் அதில் இருக்கிறது.

இனி அந்த 8. அது 128 பெருக்கல் 3 வகுத்தல் 48,000, வெறும் பஃபர் கணக்கு. சில்லுகளின் நேரமும் யு.எஸ்.பி. பொட்டலங்களின் நேரமும் அதில் இல்லை. உண்மையை அளக்க ஒரு டி.ஆர்.எஸ். கேபிள் போதும். முதல் வெளியீட்டிலிருந்து முதல் லைன் உள்ளீட்டுக்கு மாட்டுங்கள். டைரக்ட் மானிட்டரை அணையுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், ஸ்பீக்கரை அணையுங்கள். ஜாக் ஐஓடிலே என்ற கருவியை ஓடவிட்டு, கியூபிடபிள்யுகிராஃப் செயலியில் அதன் வெளியீட்டையும் உள்ளீட்டையும் அந்தத் துளைகளோடு கோடு போட்டு இணையுங்கள். போய் வந்த தாமதத்தை சாம்பிளிலும் மில்லிநொடியிலும் எழுதிக்கொண்டே இருக்கும். சிக்னல் குறைவு என்று சொன்னால் கெயினைச் சற்று ஏற்றுங்கள்.

ஆர்டரில் அல்சா வழியாகப் பதிபவருக்கு இதற்கென்றே தொடக்கத் திரையில் கேலிபிரேட் பொத்தான் இருக்கிறது. அதே கேபிளை மாட்டி அழுத்தினால் அளந்து தானே பதிந்துகொள்ளும். அதன்பின் மெட்ரனோமைக் கேட்டு வாசித்தது தடத்தில் சரியான இடத்தில் விழும். ஆடாசிட்டியில் இதைக் கையால் செய்ய வேண்டும். அமைப்புகளில் தாமதத் திருத்தம் என்ற இடத்தில் மைனஸ் 130 என்று இருக்கும். மெட்ரனோம் தடம் ஒன்றை அதே கேபிள் வழியாகத் திரும்பப் பதிந்து, இரண்டு தடங்களின் 'டிக்' எத்தனை மில்லிநொடி விலகியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிந்தியிருந்தால் அந்த அளவு மைனஸில் கூட்டுங்கள், முந்தியிருந்தால் குறையுங்கள். பஃபர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.